கடுகண்ணாவை மேட்டில் என் மாணவி

இனி என் வாழ்நாளில் சைக்கிள் ஏறுவதில்லை என்று தீர்மானம் எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. நான் யார் தெரியுமா? தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மத்திய மாகாண சைக்கிள் சம்பியன் அந்தோனி! இன்று கண்டியில் சைக்கிள் பயிற்சியாளர். பயிற்சியாளர் ஓட்டக்கூடாது, பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கடைசியாக ஓட்டிய அன்று கடுகண்ணாவை மேட்டில் பாதி வழியில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு போகும்போது என் மாணவன் ஒருவன் தாண்டிப் போனான். "சேர், பஞ்சரா?" என்றான். ஆமென்று தலையாட்டினேன். மனைவியிடமும் அதையே சொன்னேன்.

அன்று முதல் திகன ஊர் மஹ்மூதின் ஆட்டோதான் எனக்கு வாகனம். மாணவர்கள் முன்னால் மிதிப்பார்கள். நான் ஒரு கையில் ஒலிபெருக்கியும் மறு கையில் மீன் ரோல்ஸுமாகப் பின்னால் போவேன். "மூச்சு! மூச்சு! முதுகை வளைக்காதே!" சும்மா சொல்லக்கூடாது, பலன் இருக்கிறது. மடுல்கெல்ல தோட்டத்துக் கஜனி போன வருடம் மாகாணத்தில் இரண்டாவதாக வந்தாள்.

என் முறை எளிது. இலக்கைக் கடுதாசியில் எழுத வேண்டும். அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும். மடித்து ஒட்டி எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்குக் கீழே வைக்க வேண்டும். முடியும்வரை எனக்குக்கூடக் காட்டக்கூடாது. எனக்கு எதற்கு? முகத்தைப் பார்த்தே இலக்கைச் சொல்லிவிடுவேன்! இலக்கை அடைந்ததும் கடுதாசியைப் பிரிப்போம். நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு டொக்டர் என் இரத்தச் சீனியைப் பார்த்துவிட்டு, "இனியும் உடம்பை அசைக்காட்டி ஊசிதான்" என்றார். என் மனைவி பெற்றீசியா, கணக்கு டீச்சர், கூட வந்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் மானம் பெரிதல்லவா?

"சைக்கிளை மட்டும் ஓட்டச் சொல்லாத" என்றேன்.

"சொல்ல மாட்டேங்க" என்றாள்.

மறுநாள் காலை தேத்தண்ணீரோடு வந்து நின்றாள்.

"என்னங்க, எனக்கு சைக்கிள் பழக்குங்க."

"உனக்கா? நாப்பத்தாறு வயசுலயா?"

"கடுதாசி எல்லாம் எழுதி ஒட்டி வச்சிட்டேன்."

"என்ன எழுதின?"

"காட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முகத்தை உற்றுப் பார்த்தேன். "கடுகண்ணாவை மேடு!"

"அடேங்கப்பா! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அனுபவம் என்றேன்.

குண்டசாலைப் பக்கம் பயிற்சி தொடங்கியது. நான் ஆட்டோவில் ஏறப் போனேன்.

"ஆட்டோல வந்தா எப்படி? நான் விழுந்துட்டா? சீட்டைப் பிடிச்சிட்டு பக்கத்துல வாங்க."

நடந்தேன். மூன்றாவது வாரம் அவளுக்கு வேகம் வந்துவிட்டது. ஓடினேன்.

"வாய்ல ரோல்ஸ் இருந்தா நீங்க சொல்றது விளங்கல" என்றாள். ரோல்ஸும் போயிற்று. எவ்வளவு அக்கறையான மாணவி என்று பூரித்துப் போனேன். இரண்டு மாதத்தில் என் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. துணி சரியில்லை என்று தைத்தவரைத் திட்டினேன்.

போன ஞாயிறு, பூசை முடிந்ததும் மேடு ஏறும் நாள். என் சம்பியன் சைக்கிளில்தான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பதினொரு வருடமாக வீட்டு ஹோலில் துணி போர்த்தி வைத்திருந்த சைக்கிள்! மாணவிக்காக மனம் இளகினேன். ஆட்டோக் கூரையில் கட்டி, கடுகண்ணாவை தாண்டி மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கினோம். அவள் ஏறினாள். இருபது மீற்றர் தூரம் போனாள். இறங்கினாள்.

"ஐயோ! கெண்டைக்கால் பிடிச்சிருச்சுங்க!"

"சரி, ஆட்டோல ஏறு. மஹ்மூத், சைக்கிளக் கட்டு!"

மஹ்மூத் சாவியைத் திருகினான். சத்தமே இல்லை.

"இஞ்சின் மௌத்தாகிட்டு, கோச். உசிர் போயிட்டு."

"இப்ப நல்லாத்தானே வந்திச்சு?"

"மௌத்து சொல்லிட்டா வரும்? நீங்களும் டீச்சரும் பஸ்ல போங்க. சைக்கிள நான் ஓட்டிட்டு வாரன்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்ட வந்தான். மஹ்மூத் நூற்றுப்பத்துக் கிலோ. என் சீட்டுக்கு மேல் அவன் கால் உயர்ந்ததைக் கண்டதும் எனக்குக் கண் இருட்டியது.

"தொடாத!" என்று பாய்ந்தேன். அடுத்த நிமிடம் சைக்கிளில் நான் இருந்தேன்.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. என்ன ஆச்சரியம், கால் மறக்கவில்லை! நெஞ்சு அடைக்கவில்லை! பலாப்பழக் கடைக்காரி கை காட்டினாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் இறங்கித் தள்ளிய அந்த இடமும் வந்தது. அப்போதுதான் பின்னால் ஓர் ஆட்டோச் சத்தம். அதற்கும் மேலே என்னுடைய ஒலிபெருக்கி.

"மூச்சு! மூச்சு! முதுகை வளைக்காதீங்க! இங்க இறங்கிட்டுப் பஞ்சர்னு சொன்னா இந்தத் தடவை நம்ப மாட்டேன்!"

திரும்பினேன். பெற்றீசியா. ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் மீன் ரோல்ஸ்.

"டேய் மஹ்மூத், இஞ்சின் மௌத்துன்னியே!"

"டீச்சர் ஒரு பார்வை பாத்தாங்க, உசிர் வந்திட்டு, கோச்!"

பாதைக்காகக் குடைந்த பாறை பின்னால் போனது. உச்சியில் இருக்கும் பழைய கோபுரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பெற்றீசியாவின் கெண்டைக்கால் வலியைக் காணோம்; ஆட்டோவிலிருந்து துள்ளி இறங்கி ஓடி வந்தாள். கைப்பையிலிருந்து ஒட்டிய கடுதாசியை எடுத்து நீட்டினாள். பிரித்தேன். மூன்று மாதத்துக்கு முந்திய திகதி. கணக்கு டீச்சரின் குண்டு குண்டு எழுத்து.

'இலக்கு: அவரைக் கடுகண்ணாவை மேட்டில் ஏற்றுவது. படி ஒன்று, சீட்டைப் பிடித்து நடக்க வைப்பது. படி இரண்டு, ஓட வைப்பது. படி மூன்று, ரோல்ஸ். படி நான்கு, மஹ்மூத்.'

"சொல்லுங்க கோச்," என்றாள் கண் கலங்கச் சிரித்தபடி, "இலக்கை அடைஞ்சிட்டா என்ன செய்வீங்க?"

எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. உட்கார்ந்தபடியே கைதட்டினேன்.