கத்தரிச் செடியும் என் ஞாயிற்றுக்கிழமையும்

போன மாதம் நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இனி நான் வண்டுகளின் கட்சி.

காரணம் என் மனைவி நாச்சியார். ஒரகடத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் இருபத்திரண்டு பைகளில் கத்தரி வளர்க்கிறாள். டேங்க் தண்ணீரைச் செடிக்குத் தொடக்கூடாது என்பது வீட்டுக்காரம்மா கங்கம்மாளின் சட்டம். கீழே அடிபம்பில் பிடித்து இரண்டு மாடி தூக்க வேண்டும். ஆறு நாள் அவள் தூக்குவாள். ஞாயிறு நான். அதுதான் எனக்கிருக்கும் ஒரே லீவு. ஆறு நாளும் கம்பெனியில் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிறு காலைத் தூக்கம்தானய்யா சொர்க்கம்!

அப்போதுதான் புள்ளி வண்டுகள் வந்தன. ஒரே வாரத்தில் இலையெல்லாம் சல்லடை. இன்னும் இரண்டு வாரம் தின்றால் தோட்டம் காலி, எனக்குத் தூக்கம். வண்டுகளுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

"ஏங்க, வேப்பங்கொட்டைய இடிச்சு, நொச்சி இலையும் பூண்டும் சேத்து ஊற வச்சு, வடிகட்டி வாராவாரம் அடிச்சா வண்டு ஓடிருமாம். இந்த ஞாயிறு செய்தியளா?"

"ஏளா, யாருகிட்ட கேக்க? நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டரு. செக் ஷீட் போட்டே செஞ்சு காட்டுதேன்!"

செய்தேன். ஸ்பிரேயரில் பச்சைத் தண்ணீர். வாசனைக்கு நாலு வேப்பிலை. மாடிக் கதவில் செக் ஷீட் ஒட்டி, கொட்டை இடித்தது டிக், நொச்சி டிக், ஊறல் டிக், கையெழுத்து. எங்கள் கம்பெனி லைனில் ஆடிட் வந்தால் நடப்பதுதான். பேனா பிடித்த கை சும்மா இருக்குமா? வரப்போகும் மூன்று ஞாயிறுக்கும் சேர்த்தே டிக் போட்டுவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு தண்ணீரோடு மாடிக்குப் போனால், வண்டுகள் மல்லாக்கக் கிடக்கின்றன. செடியில் புதுத் தளிர். பூ வேறு! பச்சைத் தண்ணீர் குடித்தா செத்தீர்கள், பாவிகளா?

பின்னாலேயே கங்கம்மாள் வந்தாள்.

"இன்னாபா நெல்லையப்பா! நீ அட்ச்ச மருந்துல ஒரு வண்டு கூட மிச்சமில்ல! மணிமங்கலத்துல என் தம்பி அரை காணி கத்திரி போட்டுகினு கீறான். ஃபுல்லா வண்டு. உன்னப் பத்தி சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம தோறும் போயி அட்ச்சுக் குடு!"

கீழே ஓடினேன்.

"ஏளா, நான் அடிச்சது வெறும் தண்ணி! வண்டு எப்படிச் செத்துச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஸ்ரீபெரும்புதூர்ல லைன்ல நின்னவதான? வராத ஞாயித்துக்கெல்லாம் டிக் போட்டிருந்திய. அப்பமே புரிஞ்சிட்டு. நீங்க ஷிப்ட்டுக்குப் போனதும் நான் மருந்து அரைச்சு அடிச்சேன்."

"அத கங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீங்களே சொல்லுங்க. வண்டு தின்னுட்டுப் போவட்டும்னு தண்ணி அடிச்சேன்னு."

மாடியேறிப் போய் செக் ஷீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு. காலை ஐந்து மணிக்கே எழுப்பினாள். தோளில் ஸ்பிரேயரை மாட்டினாள். வாசலில் கங்கம்மாளின் தம்பி பைக்கோடு நிற்கிறார்.

"அப்ப நம்ம மாடிக்குத் தண்ணி?" என்றேன் கடைசி நம்பிக்கையில்.

"அத ஊத்திட்டு வண்டியில ஏறுங்க. கதவ மெதுவாச் சாத்துங்க, நான் கொஞ்சம் தூங்குதேன்."