மீன்களுக்குத் தெரிந்த கையுறை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். தொட்டியில் இருக்கும் மீன்களும் சுகம். நேற்று சுகமாக இருந்தவை இன்று இல்லை, அது அவற்றின் தவறு அல்ல. உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த மாதம் என் தங்கை சின்னவளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, நான் வேலை செய்யும் இதே உணவகத்துக்கு நீங்கள் அனுப்பப் போவதாக அம்மா சொன்னாள். தயவுசெய்து வேண்டாம் மாமா. முடிவு உங்களுடையது, நீங்கள் பெரியவர். இங்கே நடப்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியபோது, "இவ வாயே திறக்க மாட்டா, மீனுக்குச் சரியான ஜோடி"ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. மூன்று வருஷமாகத் தொட்டியில் பாசி தேய்ப்பது நான், தண்ணீர் மாற்றுவது நான், உப்பு பார்ப்பது நான். முதலாளி மத்தியானம் பல் குத்திக்கொண்டே வந்து ஒரு பிடி தீனி போடுவார். அவரைக் கண்டால் மீன்களெல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். என் சிவப்புக் கையுறையைக் கண்டால் மூலைக்கு ஓடிவிடும், ஏனென்றால் சாப்பிட வருகிறவர்கள் கை காட்டும் மீனை வலையில் அள்ளுவதும் நான்தான். "மீனுக்கே தெரியுது பாருங்க, யாரு நல்லவங்கன்னு" என்று முதலாளியைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நண்டு ஓடாது. அது என் இடுக்கியை இன்னொரு நண்டு என்று நினைத்து மல்லுக்கு நிற்கும். சிங்கி இறால் மீசையால் கையுறையைத் தடவிப் பார்த்து, பாறை என்று முடிவுகட்டி அதன் கீழேயே ஒளியப் பார்க்கும். இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் ஒரு பொண்ணுன்னு தோணல.

போன வாரம் முதலாளி விரலை வெட்டிக்கொண்டார். கட்டு நனையக் கூடாதென்று என் கையுறையை மாட்டிக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் தீனி போடப் போனார். அவ்வளவுதான், தொட்டியே கலங்கி, பெரிய களவா மீன் வாலால ஒரு அடி அடிச்சு, முதலாளிக்குத் தலையிலேர்ந்து பெல்ட் வரைக்கும் உப்புத்தண்ணி, விருந்தாளி ஒருத்தரோட வெள்ளைச் சட்டையும் போச்சு, "ஏ ஊமை! மீனுக்கு என்னடி சொல்லிக் குடுத்து வச்சிருக்கே?"ன்னு என்னைப் பார்த்துக் கத்தறாரு. கையுறை அவர் கையில் இருந்ததால், மிச்சத் தீனியை நான் வெறுங்கையால் போட்டேன். களவா வந்து என் விரலிலிருந்தே தின்றது. அப்போதுதான் புரிந்தது: அதற்கு என் மேல் கோபமில்லை. மூன்று வருஷத்தில் தொட்டியில் இருந்த எதுவும் என்னைப் பார்த்ததே இல்லை.

போகட்டும், மீன்தானே என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்க வந்தீங்க, கூட்டாளியோட. நான் தொப்பி, முகமூடி, கையுறையோடு தொட்டிப் பக்கத்தில் நின்றேன். மாமான்னு கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சு, முகமூடிக்குள்ளயே நின்னுபோச்சு. நீங்க கண்ணாடியைத் தட்டி, "ஏம்மா சிவப்பு கிளவுஸ், அந்தப் பெரிசைப் பிடி"ன்னீங்க. நான் களவாவை மூலையில் மடக்கிக்கொண்டிருந்தபோது கூட்டாளியிடம், "எங்க அக்கா பொண்ணு இங்கதான் வேலை பாக்குது. ராணி மாதிரி வச்சிருக்காங்க"ன்னு சொன்னீங்க. வலைக்குள்ளேர்ந்து அது முறைச்சுப் பார்த்துச்சு. விரல் நீட்டினது நீங்க. அது பார்த்தது கையுறையை.

சின்னவளுக்கு இன்னும் முகம் இருக்கிறது மாமா. கணக்கு டீச்சர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. தொண்டையில் முள் சிக்காமல் நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைத் தட்டாத
அக்கா மகள்

பின்குறிப்பு: முடிவெடுக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். மீனைத் தொட்டால் சின்னவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று முதலாளியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன், வாயைத் திறந்து. அவர் வேறு ஆள் பார்த்துவிட்டார். அப்புறம், அந்தக் களவா பின்பக்கத் தொட்டியில் நன்றாக இருக்கிறது. உங்கள் தட்டுக்கு வந்தது, காலையிலேயே செத்து ஐஸ் பெட்டியில் கிடந்த கொடுவா மீன். "உயிர் மீனோட ருசியே தனி"ன்னு கூட்டாளிகிட்ட சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டீங்க.