போதும்னு சொல்ல ஆளில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அதுக்காக மறுபடியும் பத்த வச்சிடாதேடா. "அக்கா, சிகரெட்டை விட்டதிலேருந்து எந்நேரமும் பசிக்குது, இதுக்கு ஒண்ணு பிடிச்சாலே தேவலை போல"ன்னு எழுதியிருக்கியே, படிச்சதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஆண்டவன் புண்ணியத்துல நானும் உன் மச்சானும் நல்லா இருக்கோம். கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்கோம், அதுதான் சங்கடம்.

இவரு சிகரெட்டை விடணும்னு எத்தனை வருஷம் சாமிகிட்ட அழுதேன்! சாமியும் விட வச்சுட்டாரு. பசியையும் சேத்துப் பாத்துக்கப்பான்னு கேக்கத் தோணலை. நான் அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள பாத்திரத்துல கரண்டி மட்டும் நிக்குது. கேட்டா, "நான் எங்க சாப்பிட்டேன், ருசி பாத்தேன்"ங்கறாரு. சமைச்சு சமைச்சு கை ஓஞ்சு போச்சுடா.

டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். சின்னப் பொண்ணு, பொறுமையாச் சொல்லுச்சு. சிகரெட்ல இருக்கற நிக்கோட்டின் மூளைக்குள்ள போய், பசியை அடக்கற இடத்தைத் தட்டித் தட்டி 'போதும், போதும்'னு சொல்ல வைக்குமாம். இப்போ தட்ட ஆளில்லை. "பயப்படாதீங்க, போகப் போகப் பசி அடங்கும். ஏறின எடையைவிடப் புகைதான் ஆபத்து"ன்னுச்சு. இவரு உடனே என்னைக் காட்டி, "இவ சிகரெட்டே பிடிச்சதில்லையே, இவ ஏன் இப்படிச் சாப்பிடறா?"ன்னாரு. பாவி மனுஷன்! அந்தப் பொண்ணு சிரிக்காம, "அம்மாவுக்கு மாதவிலக்கு நிக்கற வயசு. ஹார்மோன் குறையுது, அதுவும் மூளையில பசியை அடக்கற சங்கதிதான்"னுச்சு. ஆக ஒரே வீட்ல ரெண்டு மூளை, ரெண்டுக்கும் போதும்னு சொல்ல ஆளில்லை. மளிகைக்கடைக்காரர் மட்டும் எங்களைக் கண்டா எந்திரிச்சு நிக்கறாரு.

போன வாரம் அச்சகத்துல, இவரு லிஃப்ட்ல கடைசியா ஏறியிருக்காரு. எடை தாங்காம மணி அடிச்சிடுச்சு. கூட வேலை பாக்கற பைண்டர், "என்னண்ணே, இத்தனை நாள் வெளிய விட்ட புகையை இப்போ உள்ளயே சேத்து வக்கிறீங்களா?"ன்னானாம். மனுஷன் வேலை முடிஞ்சதும் நேரா கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிட்டாரு. வாசல் வரைக்கும் வந்து, பிரிக்காம என் கையில குடுத்து, "எங்கயாவது ஒளிச்சு வை. நான் கெஞ்சினாலும் குடுக்காதே"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சுடா. அவரு இனிமே தொடவே மாட்டார்ங்கற இடமாப் பாத்து வச்சேன். இடத்தை உன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்.

முன்னெல்லாம் மாடி ஏறினா இருமல்தான் முதல்ல வீட்டுக்குள்ள வரும். இப்போ அவரே வர்றாரு. தொப்பையோட வரட்டுமே, எனக்குப் போதும். உனக்கும் அதேதான் சொல்றேன். பசிச்சா சாப்பிடு, கொஞ்சம் நட, கையில மட்டும் அதைத் தொடாதே. கைக்கு எட்டற தூரத்துல இருந்தாத்தான் வம்பு.

இவருக்கு இப்போ பட்டன் போட முடியாத சட்டையெல்லாம் நேத்து உனக்குப் பார்சல்ல அனுப்பிட்டேன். நீயும் குண்டாகற வரைக்கும் போட்டுக்கோ.

உன் பசி போகட்டும், பிடிவாதம் மட்டும் போகாம இருக்கட்டும். சாமி துணை.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: ஐயையோ, தம்பி, பார்சலை நீ பிரிக்காதே, உன் பொண்டாட்டியைப் பிரிக்கச் சொல்லு. அந்தப் பாக்கெட்டை நீலச் சட்டைப் பையிலதான் ஒளிச்சு வச்சிருந்தேன்.