எந்தக் குறுக்குவில் வாங்கலாம், மச்சான்?

பைன் க்ரீக் சாலை,
வடக்கு விஸ்கான்சின்,
அக்டோபர் 19.

மதிப்பிற்குரிய மைத்துனர் வெண்டல் ஓல்சன் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் டெல்மர் குபிஷ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காள் மார்லிஸும் நாயும் சுகம். அங்கு துலூத்தில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் 'தாங்கள்' எல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து எட்டிப் பார்த்த மார்லிஸ், வரி ஆபீசுக்கு எழுதுகிறீர்களா, என் தம்பிக்கு எழுதுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். பதினோரு வருஷமாகப் பேசாத ஆளுக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்கு என்ன தெரியும். சரி, போகட்டும், 'நீ' என்றே எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதுவது இடது கை என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கையின் பெருவிரல் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு குறுக்குவில் வேண்டும், துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து விசையை அமுக்கி எய்கிற அதே வில்தான். நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். இந்த வார்த்தையை எழுத எனக்கு மூன்று காகிதம் கிழிபட்டது. மே மாதம் படகு மோட்டாரின் கயிற்றை இழுத்தபோது வலது தோளில் ஏதோ படக்கென்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஆயுசுக்கும் வில்லை இழுக்கக் கூடாது, இழுத்தால் காபிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உன் தோள் போனபோது உனக்கும் இதே டாக்டர்தான், இதே வார்த்தைதான். அன்றைக்கு நீ வந்து சொன்னபோது டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், இழுடா, சரியாகிவிடும் என்று சொன்னவன் நான். அதை நினைத்தால் இப்போது தோளைவிட நெஞ்சுதான் வலிக்கிறது.

மார்லிஸ் முதல் நாளே சொன்னாள், வெண்டலைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவனுக்குத்தான் குறுக்குவில்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று. நானா கேட்பேன். நாற்பத்திரண்டு வருஷம் வில் பிடித்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் எழுபது மைல் தள்ளி ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அது நிதானமாகக் கேட்டது: மரத்தில் கட்டின பரணில் உட்காருவீர்களா, தரையில் கூடாரத்தில் உட்காருவீர்களா, எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியும், நாணைக் கயிறு போட்டு இழுப்பீர்களா, கைப்பிடியைச் சுற்றி இழுக்கிறது வேண்டுமா. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் தோளில் வைத்துப் பிடித்துப் பாருங்கள், வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்றும் சொன்னது. நான் பிக்கப் வண்டி வாங்குகிற மாதிரி எது ரொம்ப வேகம் என்று கேட்டேன். சுவரிலேயே பெரிசாக, அகலமாக, கனமாக ஒன்று தொங்கியது. அதையே எடுத்தேன். சுற்றுக் கைப்பிடி வேண்டாம், அது கிழவன்களுக்கு என்று சொன்னேன். அந்தப் பெண் கட்டுப் போட்டிருந்த என் தோளையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தது. கூர்முனை இல்லாத மழுங்கின அம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேட்டை கிடைக்காத நாளில் பூட்டிய நாணை இறக்க அதைத் தரையில் எய்ய வேண்டும் என்றது. மானை அடிக்காமல் பரணை விட்டு இறங்குகிற வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வில்லின் முன்முனையில் இருக்கிற மிதி வளையத்தில் காலை வைத்துக் கயிற்றை மாட்டிய பிறகுதான் உறைத்தது. வில்லை இழுக்கக் கூடாது என்பதற்காகத்தானே இதை வாங்கினேன், இதையும் இரண்டு கையாலும் இடுப்பு ஒடிய இழுத்தால்தானே நாண் பூட்டும். இழுத்துப் பார்த்தேன், பாதி தூரம் போவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த உன் அக்காள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நகருங்கள் என்று சொல்லி, காலை வைத்து ஒரே இழுப்பில் பூட்டிவிட்டு அடுப்பில் இருந்ததைக் கிளறப் போய்விட்டாள். முப்பது வருஷம் பால் கறந்த கை அது. நான் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். முதல் அம்பை வைக்கோல் கட்டுக்கு எய்தேன், நன்றாகவே எய்தேன், ஆனால் பழைய வில் பிடிக்கிற ஞாபகத்தில் இடது பெருவிரலை நாண் ஓடுகிற பாதைக்கு மேலே நீட்டிவிட்டேன். நகம் போனதோடு தப்பியது. விரலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார், வேறு ஏதாவது புதுச் சாமான் வாங்கியிருக்கிறாயா என்றும் கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நம் வேட்டைக் குடில் இருக்கிற காட்டுக்குப் போனேன். போனோம் என்று எழுத வேண்டும். நாண் பூட்டிய வில்லை வண்டியில் ஏற்றக் கூடாது என்று சட்டம், பூட்ட எனக்குத் தெம்பில்லை, ஆகவே மார்லிஸும் வந்தாள். வில்லை அவளுடைய பூப்போட்ட ரஜாய்ப் போர்வையில் சுற்றி, வழியில் நம் வேட்டைக் கூட்டாளி கிளாரன்ஸ் எதிர்ப்பட்டால் தையல் வகுப்புக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும் என ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். மரத்தடியில் அவள் பூட்டிக் கொடுத்துவிட்டு, வண்டிக்குள் போய் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் பரணில் ஏறினேன்.

ஒன்பது மணிக்கு மான் வந்தது, மச்சான். ஆறு கிளைக் கொம்பு. இருபத்தைந்து தப்படி தூரம். இந்தக் குறுக்குவில் கையில் இருந்தால் மான் தானே வந்து விழும், இதில் மனுஷனுக்கு என்ன வேலை என்று நான் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவன் இல்லையா, கேள். நெஞ்சு அதே பழைய அடி அடித்தது. காற்று எந்தப் பக்கம் என்று அதே கவலை. முன்பக்கம் கனத்த வில் ஒரு நிமிஷத்தில் கீழே சாய ஆரம்பித்தது. மான் வலது பக்கமாக ஒதுங்கியது, நானும் திரும்பினேன், அந்த அகலமான வில் தண்டு மரத்தில் 'டொக்'கென்று இடித்தது. மான் தலையைத் தூக்கி என்னை நன்றாகப் பார்த்தது. ஓடக்கூட இல்லை, நடந்தே போயிற்று. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு தோள் போன நீ, அந்தக் காலத்து மட்டமான குறுக்குவில்லை வைத்துக்கொண்டு, அந்த எட்டுக் கிளைக் கொம்பு மானை ஒரே அம்பில் எப்படி வீழ்த்தினாய் என்று அப்போதுதான் யோசித்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை, மறந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். வேட்டைக் குடிலில் மான் வீழ்த்தியவன்தான் அன்றைக்கே ஈரலை வெங்காயத்தோடு வதக்கி எல்லோருக்கும் கையால் பரிமாற வேண்டும், எல்லோரும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். அது நம் வழக்கம். நீ ஒற்றைக் கையால் வெங்காயம் அரிந்தாய். முதல் தட்டை எனக்குத்தான் கொண்டுவந்தாய்.

"அத்தான், ஒரு வாய் சாப்பிடுங்க, ஆறிடும்."

"இது வில்லு இல்லடா, கட்டை வச்ச துப்பாக்கி. வில்லுக்காரன் அடிச்ச மான்னாத்தான் நான் தொடுவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு தட்டைத் தள்ளி, ரொட்டியையும் சீஸையும் எடுத்துக்கொண்டு போய் வாசல்படியில் உட்கார்ந்தேன். நான் எழுந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரண்டியை வைத்தார்கள். நீ சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாய். அதற்குப் பிறகு வரவேயில்லை. ஈரல் வாசனை நன்றாக இருந்தது, வெண்டல். எனக்குப் பசியும் இருந்தது. அந்த வீம்பு எனக்கு எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

மீதிக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மான் போன பிறகு கீழே இறங்கினேன். நம் பழைய வில் என்றால் நாணை மெதுவாக விட்டுவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வரலாம். இதையும் அப்படித்தான் என்று நினைத்து, அம்பை எடுத்துவிட்டு விசையை அமுக்கினேன், அசையவில்லை. அம்பு இல்லாமல் விடாதாம், அதற்கு ஒரு பூட்டாம். மழுங்கின அம்பும் கையில் இல்லை. சுற்றிலும் கல் தரை. வேட்டை அம்பையே எங்காவது மெத்தென்ற இடத்தில் எய்து தொலைக்க வேண்டும் என்று தேடினால், குடிலுக்குப் பின்னால் பெரிய இலைக்குவியல். அதில் எய்தேன். 'டங்'கென்றது. இலைக்கு அடியில் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு அடியில் கிளாரன்ஸின் அலுமினியப் படகு. அம்பு அடிப்பாகத்தில் பாதி உள்ளே போய் நின்றது. சத்தத்தில் தூக்கம் கலைந்து வந்த மார்லிஸ் ஓட்டையையும் என்னையும் பார்த்தாள்.

"அன்னிக்கே என் தம்பியக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, இன்னிக்குப் படகாவது பொழச்சிருக்கும்."

இவ்வளவுக்கும் பிறகு சும்மா இருப்பேனா. போன வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்துக்கு நம் குடில் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, எல்லோரும் கேட்கும்படி, வெண்டலுக்கு நான் செய்தது அநியாயம், அவன்தான் அசல் வேட்டைக்காரன், நானும் இப்போது குறுக்குவில்தான் வைத்திருக்கிறேன், அந்தப் படகில் ஓட்டை போட்டவனும் நானே என்று தயங்காமல் சொன்னேன். ஊசி விழுந்தால் கேட்கும். கிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். ஆகையால் அந்தக் கணக்கு தீர்ந்தது, நீ அதைப் பற்றி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். நீ கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம். கடையில் முப்பது நாளுக்குள் மாற்றித் தருவார்கள், பதினாறு நாள் போய்விட்டது. எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், சுற்றுக் கைப்பிடி எது நல்லது என்று ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போட்டால் போதும்.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். இருக்கிற தோள்களையாவது ஆண்டவன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
டெல்மர்

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன்னால் மார்லிஸ் வாசித்தாள். வெள்ளிக்கிழமை பத்தியை அடித்துவிடச் சொல்கிறாள், அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாளாம். நான் எழுந்து நின்றது உண்மை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உப்பு எங்கே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கிளாரன்ஸ் இன்னமும் படகு ஓட்டைக்கு மரங்கொத்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறான். உன்னிடம் சொல்ல வேண்டியதை நீ இல்லாத இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வெண்டல். கார்டெல்லாம் போட வேண்டாம். நவம்பர் முதல் சனிக்கிழமை எல்லோரும் குடிலுக்கு வருகிறார்கள். நீயும் வா. நான் எழுந்து நிற்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். அதற்கு முன்னால் மேஜையில் இருக்கிற உப்பையெல்லாம் எடுத்து உன் பையில் போட்டுக்கொள்.