மேலே அத்தை, கீழே மாப்பிள்ளை

"அத்தை, இன்னும் நாப்பது நிமிஷத்துல ரயில்!"

"தெரியும் மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை மேல போயிட்டு, அதே வண்டியில இறங்கிடறேன்."

வாதிமால் மறுக்க முடியவில்லை. மூன்று நாள் தங்குவதாக இர்கூத்ஸ்கிலிருந்து விளாதிவஸ்தோக் வந்த அத்தை கிளாவ்தியா பெத்ரோவ்னா, இருபத்து மூன்று நாள் தங்கிவிட்டாள். அவனுடைய கட்டிலில் அவள். சமையலறை மடக்குக் கட்டிலில் அவன். காலையில் மனைவி லாரிசா வேறு கெஞ்சியிருந்தாள்: "அம்மாவை அந்தக் குன்று ஏறுற விஞ்ச் வண்டியில ஒரு தடவை ஏத்திட்டு அனுப்புங்க."

அத்தையின் கைப்பை, அதற்குள் அவளுடைய கைபேசி, டிக்கெட் எல்லாம் கீழே நிறுத்திய காரில் கிடந்தன. சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் தனியாக ஏறிப் போனாள்; வாதிம் கீழே காத்திருந்தான்.

விஞ்ச் ஓடும் விதம் தெரிந்தால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். குன்றின் மேல் ஒரு பெரிய சக்கரம். அதில் ஒரே கயிறு. கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். நட்ட நடுவில் இரண்டும் ஒன்றையொன்று உரசாத குறையாகக் கடக்கும். இரண்டே நிமிடப் பயணம். அருமையான ஏற்பாடு, இருவரும் ஒரே பெட்டியில் இருந்தால்.

பெட்டி இறங்கி வந்தது. அத்தை வரவில்லை. இழுத்து வரலாம் என்று வாதிம் ஏறினான். பாதி வழியில் எதிர்ப்பெட்டி ஜன்னலில் அத்தை! கையில் பியான்-சே என்ற இறைச்சிக் கொழுக்கட்டை; ஆவி பறந்தது.

"கீழயே நில்லுங்க!" என்று கத்தினான்.

அவள் தலையாட்டினாள். இவன் மேலே போய், அதே பெட்டியில் திரும்பினான். பாதி வழியில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேல வரச் சொன்னியே மாப்பிள்ளை!"

வாதிம் யோசித்தான். கயிற்றை நம்பினால் இதற்கு முடிவே இல்லை. பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறதே! முந்நூற்றுச் சொச்சம் படிகள். நாக்குத் தள்ள இருநூறாவது படியில் நிமிர்ந்தபோது, அத்தை கீழே போய்க்கொண்டிருந்தாள். இப்போது ஐஸ்கிரீம். ஜன்னலைத் தட்டி, "ஓடாத, நெஞ்சு வலிக்கும்!" என்றாள்.

மீதிப் படிகளைத் தவழ்ந்து ஏறி, மேலே நின்ற பெட்டியில் விழுந்தான். ரயிலுக்கு இன்னும் பதினைந்து நிமிடம்.

"அந்தப் பொட்டியை மட்டும் நிறுத்துங்கம்மா!" என்று நடத்துனர் ரிம்மாவிடம் கெஞ்சினான்.

"ஒரே கயிறு சார். ஒண்ணு நின்னா ரெண்டும் நிக்கும்."

அவனுக்குப் பளிச்சென்றது. இரண்டும் நிற்கட்டுமே! நடுவில் நிறுத்தினால் எட்டிக் கையைப் பிடித்து இழுத்துவிடலாம். எதிர்ப்பெட்டி நெருங்கியதும் சுவரிலிருந்த சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

"யோவ்! என்னய்யா பண்ற!" என்று ரிம்மா அலறினாள்.

இரண்டும் நின்றன. முகத்துக்கு முகம், இரண்டு முழத் தூரம். ஆனால் கதவு திறக்கவில்லை. வழியில் நின்றால் கதவு பூட்டிக்கொள்ளும். சிவப்புக் கைப்பிடி இழுக்கப்பட்டால், தடத்தை முழுக்க நடந்து பார்த்த பிறகுதான் சக்கரத்தைச் சுற்றுவார்கள். இருபது நிமிடம் கண்ணாடி வழியே அத்தையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஐஸ்கிரீமை நிதானமாக முடித்தாள்.

துறைமுகப் பக்கமிருந்து ரயில் நீளமாகக் கூவியது.

கயிறு நகர்ந்தபோது அத்தை மேலே போனாள். வாதிம் கைபேசியில் தேடினான். கோடைக் கூட்டம். இர்கூத்ஸ்குக்கு அடுத்த இடம் பதினெட்டு நாள் கழித்துத்தான்.

"எல்லாம் விதிம்மா," என்று ரிம்மாவிடம் முனகினான். "ஆளு மாத்தி ஆளு தவறவிட்டோம்."

ரிம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விதியா? நேத்து அந்தம்மா கடிகாரமும் கையுமா ஒத்திகை பார்த்தாங்க சார். உங்க வேஷத்துல ஓடுனது அவங்க பொண்ணு. சிவப்புக் கைப்பிடி மட்டும்தான் உங்க சொந்தச் சரக்கு."