கர்னலை இளைக்க வைத்தேன்

எங்கள் வீட்டில் இளைக்க வேண்டிய ஆள் நான்தான் என்பது டாக்டரின் அபிப்பிராயம். கணினிதான் என்று நான் முடிவு செய்தேன்.

கர்னல் என்றதும் பட்டாளத்து மீசையை நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு திரை, விசைப்பலகை, பிரிண்டர் என்று எல்லாவற்றையும் வேலை வாங்குகிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். வீட்டில் எனக்கு இல்லாத அதிகாரமெல்லாம் அதற்கு உண்டு. அதனாலேயே அதை ஒரு கை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

"நல்லா ஓடறதை எதுக்குங்க போய் நோண்டறீங்க?" என்றாள் மனைவி. அவள் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். அந்தக் கணினிதான் அவளுடைய ஆபீஸ்.

"ஓடுதா? ஊர்ந்து போகுது! நம்மகிட்ட இல்லாத சாமானுக்கெல்லாம் அதை ஓட்டற நிரல், டிரைவர், அதுக்குள்ள இருக்கு. எல்லாத்தையும் கழட்டப் போறேன்."

"வேணுங்கறதை?"

"மாட்யூல் ஆக்கிடுவேன். தனித்தனித் துண்டா டிஸ்க்ல கிடக்கும். கர்னல் கூப்பிடறப்போ வந்து வேலை பார்த்துட்டுப் போகும்."

"டிஸ்க்கைப் படிக்கிற டிரைவர்?"

"அதுவும் மாட்யூல்தான். யாருக்கும் சலுகை கிடையாது."

"பழைய கர்னல்?"

"அழிச்சிடுவேன். இடத்தை அடைக்குது."

"ஓஹோ" என்றாள். என் அறிவில் அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புதுக் கர்னலைப் போட்டேன். பழையதை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. சட்டென்று நின்றன. கடைசி வரியில் 'கர்னல் பேனிக்' என்றிருந்தது. கர்னலுக்கே பீதி என்றால் என் கதியை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம்தான் உறைத்தது. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ டிஸ்க்கில் இருக்கிறது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்!

தலையில் துண்டோடு அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, எழுந்திரிங்க. அங்க மனையில மேஸ்திரி ஆளுங்களோட வந்து காத்துக்கிட்டிருக்காரு. மதியத்துக்குள்ள வரைபடம் போகலைன்னா வீடு கட்டறவங்க வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை அது. சமையலறை ஜன்னலை மட்டும் எத்தனை தடவை மாற்றி மாற்றி வரைந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"அப்டேட் ஆகுதும்மா."

"திரையில ஒண்ணுமே அசையலையே?"

"உள்ளுக்குள்ள ஆகுது."

"உங்க கால் ஏன் நடுங்குது?"

"ஃபேன் காத்து."

"ஃபேன் ஓடலைங்க."

அதற்குமேல் என்னிடம் பொய் கைவசம் இல்லை. "போச்சு! எல்லாம் போச்சு! என்னை என்ன வேணா பண்ணிக்கோ" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

அவள் என்னை ஒன்றும் பண்ணவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினாள். "இதுல ஒரு முழு லினக்ஸ் இருக்கு. இதை வெச்சுக் கிளப்பினா உங்க கர்னலோட தயவு வேணாம்."

கணினி கிளம்பியது. டிஸ்க் திறந்தது. வரைபடம் திரையில் வந்தது. மாடிப்படி, குளியலறை, அந்த ஜன்னல், எல்லாம் அப்படியே இருந்தன. அனுப்பினாள். மேஸ்திரி போனில், "வந்துடுச்சும்மா, வேலையை ஆரம்பிச்சுடறோம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதே பென் டிரைவிலிருந்து பழைய கர்னலையும் எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இதை எப்போ காப்பி எடுத்தே?"

"நேத்து யாருக்கும் சலுகை கிடையாதுன்னு சொன்னீங்களே, அப்பவே."

"தப்புன்னு தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

நான் எப்போது கேட்டேன்? நிம்மதியில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

சாயங்காலம் எழுந்து வந்தால், கணினி கண்மூடித் திறப்பதற்குள் கிளம்புகிறது!

"என்ன பண்ணினே?"

"உங்க இளைச்ச கர்னல்தாங்க. டிஸ்க் டிரைவரை மட்டும் உள்ளேயே வெச்சுக் கட்டிட்டேன். நிஜமாவே வேகமா இருக்கு. யோசனை உங்களோடதுதான்."

எனக்கு நெஞ்சு விம்மியது. "பார்த்தியா! இன்னும் ரெண்டு மூணைக் கழட்டினோம்னா பறக்கும்!" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரையில் அவள் படத்துக்குக் கீழே 'நிர்வாகி' என்றிருந்தது. பக்கத்திலேயே என் படம், அதன் கீழே 'விருந்தினர்.'