தயாளன் காலியான செய்தி பற்றி அக்காவுக்கு

ஜெலுத்தோங், பினாங்கு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அக்கா ரமணி அவர்களுக்கு, தம்பி தயாளன் பணிந்து எழுதுவது.

தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் சுங்கை பாக்காப்பில் தாங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். கைப்பேசியில் தாங்கள் என்னை பிளாக் செய்துவிட்டபடியால் இதைத் தபாலில் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். முட்டி ஆப்பரேஷன் முடிந்து ஆறு வாரம் வீட்டிலேயே கிட என்று டாக்டர் சொன்னதும், பொழுது போகட்டுமே என்று மகன் குகன்தான் போனில் மிட்டாய் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மூணு மிட்டாய் சேர்ந்தா வெடிக்கும், அவ்வளவுதான். நாற்பதாவது படியில மாட்டிக்கிட்டேன், சரின்னு தோட்டம் போடுற கேமுக்குப் போனேன், அதுல கத்தரிக்கா காய்க்கவே எட்டு மணி நேரம் ஆகுது, "வாசல்ல துளசி காஞ்சு கெடக்கு, அதுக்கு ஊத்துங்க தண்ணி"ன்னு என் வீட்டுக்காரி லோகேஸ்வரி கத்துறா. அப்புறம் கார் ரேஸ். அது கையில ஊறிப்போயி, முட்டி கொஞ்சம் தேவலைன்னு பினாங்குப் பாலத்துல நிஜக் காரை ஓட்டினப்ப எல்லாரையும் முந்தப் பார்த்தேன். பக்கத்துல லோகேஸ்வரி சாமி பேரையெல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்ததும் அந்த கேமை அவளே அழிச்சிட்டா.

அப்பத்தான் எங்க வீட்டுக்குக் கீழ நாசி கண்டார் சோத்துக்கடை வச்சிருக்கிற பஷீர், "அண்ணே, சுடுற கேமுக்கு வாங்க லா"ன்னு இழுத்துவிட்டான். நாலு பேர் ஒரு டீம். அடிபட்டு விழுந்தா நம்ம ஆளு ஓடிவந்து தூக்கணும், தூக்கினா மறுபடி உயிர் வரும். பஷீர் எதிர் டீம். எங்க டீமோட வாட்ஸ்அப் குரூப் பேரு 'ஜெலுத்தோங் சிங்கங்கள்'. நம்ம குடும்ப குரூப் 'ஜெலுத்தோங் சொந்தங்கள்'. கண்ணாடி போடாதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்லா.

அந்த ஞாயித்துக்கிழமை நான் போட்டது இதுதான்: "தயாளன் காலி. பஷீர் சுட்டுட்டான். சீக்கிரம் வந்து தூக்குங்க." உடனே நீங்க, "ஐயோ, எத்தனை மணிக்குத் தூக்குறீங்க"ன்னு கேட்டீங்க. டீம் ஆளு கேக்குறான்னு நெனச்சு, "இப்பவே, லேட்டானா வேலைக்கு ஆகாது"ன்னு பதில் போட்டேன். அதை என் போன்ல இருந்து குகன் போட்டதா நீங்க எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

வேன் பிடிச்சு, பதினொரு பேரோட, ரோஜா மாலையோட, பாலம் பூரா அழுதுக்கிட்டே வந்தீங்க. கதவைத் திறந்தா நான் சோபாவுல உக்காந்து ரொட்டி சானாய் தின்னுக்கிட்டிருக்கேன். அத்தான் வேனை விட்டு இறங்கினதும் நேரா பஷீர் கடைக்குப் போய் அவன் சட்டையைப் பிடிச்சாராம். அவன் கரண்டியைக்கூடக் கீழ வைக்காம, "ஆமாண்ணே, நான்தான் சுட்டேன், இந்த வாரத்துல இது மூணாவது தடவை"ன்னானாம்.

மாலையை என் மூஞ்சியில விட்டெறிஞ்சீங்க. இனிமே நீ நிஜமா செத்தாலும் வரமாட்டேன், உன் மகன் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் செத்தா வராட்டியும் பரவாயில்லக்கா, எனக்கெங்க தெரியப்போகுது. ஆனா குகனுக்குக் கூடப்பிறந்த பொண்ணு இல்ல. அடுத்த மாசம் அவன் தாலி கட்டும்போது மூணாவது முடிச்சை அத்தை நீங்கதான் போடணும். வேற யாரு போட்டாலும் எனக்கு மனசு ஆறாது. எல்லா கேமையும் அழிச்சாச்சு. தெரியாம நடந்த தப்பு, மன்னிச்சிருங்க.

தங்கள் காலிலும் அத்தான் காலிலும் விழுந்ததாக இதையே எடுத்துக்கொள்ளவும். முட்டி இன்னும் சரியாக மடங்கவில்லை.

தங்கள் ஒரே தம்பி,
தயாளன்

பி.கு.: பொய் எழுதினது உறுத்துது. முதல் செய்திதான் தெரியாம குரூப் மாறிப் போச்சு. நீங்க கேட்டப்ப கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன், அக்கான்னு பேரு பெருசா தெரிஞ்சுச்சு. ஆப்பரேஷனுக்குக்கூட ஒரு கும்பிடு படத்தை அனுப்பினதோட சரி, ரெண்டு வருஷமா இந்தப் பக்கமே வரலியே, இதுக்காவது வரட்டும்னுதான் அப்படிப் பதில் போட்டேன். வந்தீங்க, ஆனா ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டீங்க.